தர்மபுரி பக்கம் சொந்தக் கிணறு உள்ள வீட்டுக்கு எந்த வாட்டர் சாஃப்ட்னர் வாங்கலாம்?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவு: வீட்டில் ஐந்து பேர். திறந்த கிணறு, உள்ளே பக்கவாட்டில் போர். பார்க்க வந்த விற்பனையாளர் மீட்டரைத் தண்ணீரில் முக்கி டி.டி.எஸ். 1,100 என்று காட்டிவிட்டு, கையோடு ஒரு மெஷினுக்கு விலையும் சொல்லியிருக்கிறார். எந்த கம்பெனி என்பதற்கு முன்னால் அந்த மீட்டரைப் பற்றிப் பேசிவிடலாம்.

தண்ணீர் எந்த அளவுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, மொத்தமாக எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று அந்த மீட்டர் உத்தேசமாகச் சொல்லும். அதில் சாதா உப்பும் சேர்த்தி, சுண்ணாம்பும் சேர்த்தி. சாஃப்ட்னருக்கு வேண்டிய கணக்கோ கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது மட்டும். அதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். டி.டி.எஸ். மீட்டரை வைத்து சாஃப்ட்னர் விற்பது, காய்ச்சலை அளக்கத் தராசு கொண்டுவந்த மாதிரி. மெஷின் மாட்டிய பிறகும் அந்த மீட்டர் ஏறக்குறைய அதே 1,100-ஐத்தான் காட்டும். ஏனென்றால் உள்ளே இருக்கும் ரெசின் என்ற பொடி மணிகள் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. தண்ணீரில் உள்ள உப்பின் ஜாதி மாறுமே தவிர மொத்தம் குறையாது. "காசு கொடுத்தும் டி.டி.எஸ். இறங்கவில்லை" என்று எங்கள் காவேரிப்பட்டினம் பக்கம் சண்டை போட்டவர்கள் உண்டு. மெஷின் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

அதனால் முதல் செலவு தண்ணீர்ப் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் செய்து தருவார்கள். மேல் தொட்டியில் பிடிக்காதீர்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கிணற்றிலிருந்து வரும் குழாயிலேயே கேனை இரண்டு முறை அலசிப் பிடியுங்கள். முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் எடுங்கள். கிணறு வற்றி ஊத்துத் தண்ணீர் மட்டும் வரும்போதுதான் இந்த எண்கள் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த ரிப்போர்ட்டை நம்பி மெஷின் வாங்கினால் கோடையில் அது திணறும். கடினத்தன்மை, இரும்பு, புளோரைடு, நைட்ரேட் நான்கும் ரிப்போர்ட்டில் கட்டாயம் வேண்டும் என்று கேளுங்கள். திறந்த கிணறு என்பதால் கிருமிப் பரிசோதனையும் செய்யுங்கள், அதற்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. என் கணக்கு கொஞ்சம் வேறு. 250-க்குள் என்றால் சாஃப்ட்னர் வேண்டாம். கீசர் காயிலை வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்துகொண்டு காலத்தை ஓட்டலாம். 400-ஐத் தாண்டினால் துணி, முடி, குழாய், கீசர் எல்லாவற்றிலும் அது தெரியும், அப்போது போடுவது நியாயம். நடுவில் இருந்தால் உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், தலைக்குக் குளிப்பவர்களுக்குத்தான் விடை தெரியும்.

அடுத்து புளோரைடு. நம் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் தண்ணீர் பற்றிப் பதில் எழுதக்கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட், கிரானைட் என்று கடும்பாறை. அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்களிலிருந்து புளோரைடு மெல்லக் கரைந்து கிணற்றுக்கும் போருக்கும் வருகிறது. 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் கூடாது என்பது தர அளவு. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். பல வருடம் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகும். ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே குடிநீரோடு புளோரோசிஸ், அதாவது புளோரைடால் வரும் இந்த நோயின் குறைப்பும் சேர்ந்திருக்கிறது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சாஃப்ட்னர் புளோரைடைத் தொடவே தொடாது. ரெசின் பிடிப்பது நேர்மின்னூட்டம் உள்ள கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றை. புளோரைடும் நைட்ரேட்டும் எதிர்மின்னூட்டம் உள்ளவை, அப்படியே கடந்து போய்விடும். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட மிச்சத்தில் புளோரைடு கூடும். இன்னொன்று, கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் புளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்க முடியும். ஆகவே சோப்பு நன்றாக நுரைக்கிறது, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லை என்பதால் அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது. பக்கத்து வீட்டு "உப்புத் தண்ணி"யைவிட உங்கள் "நல்ல தண்ணி"யில் புளோரைடு கூடுதலாக இருக்கலாம். ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே குடிப்பதற்கும் சமையலுக்கும் தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். அது வராத இடம் என்றால் சமையலறையில் சின்ன ஆர்.ஓ. ஒன்று போதும், அது புளோரைடையும் நைட்ரேட்டையும் பெருமளவு குறைக்கும். சாஃப்ட்னர் தண்ணீரை ஆர்.ஓ.வுக்குக் கொடுத்தால் அதன் மெம்பரேனில் சுண்ணாம்பு படியாது, கூடுதல் நாள் உழைக்கும். சாஃப்ட்னர் தண்ணீரை நேரடியாகக் குடிக்க நான் சொல்ல மாட்டேன். உதாரணத்துக்கு 550 கடினத்தன்மை என்று வைத்து அதை முழுக்க எடுத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேர்கிறது. வீட்டில் பிரஷர் மாத்திரை போடுபவர் இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. பருப்பு மட்டும் இதில் நன்றாக வேகும் என்பது உண்மை. அந்தக் காலத்தில் எங்கள் ஆயா பருப்புக்கென்று தனியாக ஒரு குடம் வேறு கிணற்றிலிருந்து கொண்டுவரச் சொல்வார்.

இனி அளவு. கடைக்காரர் "ஐந்து பேர் குடும்பத்துக்கு இந்த மாடல்" என்பார். நீங்கள் கேட்க வேண்டியது உள்ளே எத்தனை லிட்டர் ரெசின் என்பதை. ஒரு லிட்டர் ரெசின் ஒரு சுற்றில் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும், இதை வைத்தே எல்லாக் கணக்கும் போட்டுவிடலாம். ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு நாளைக்கு 675 லிட்டர். கடினத்தன்மை 550 என்று வைத்துக்கொண்டால் தினமும் நீக்க வேண்டியது 370 கிராம். 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும், அதாவது மூன்று நாளுக்குக் கொஞ்சம் மேல். அதன்பின் உப்புக் கரைசல் விட்டு ரெசினைக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று, மூன்றரைக் கிலோ உப்பு ஆகும். மாதம் 30 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லிட்டர் ரெசின் வாங்கினால் உப்புச் செலவு பாதியாகும் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். ஆகாது. கழுவும் வேலை வாரம் ஒருமுறையாகக் குறையும், மாத உப்பு ஏறக்குறைய அதேதான். பெரியதில் உள்ள உண்மையான லாபம், ஒவ்வொரு முறையும் உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, சற்று முன்னதாகவே கழுவலாம். அப்படிச் செய்தால் கிலோ உப்புக்கு வேலை கூடும்.

இதே கணக்கில் குழாய் முனையில் மாட்டும் சின்ன சாஃப்ட்னரைப் பாருங்கள். உள்ளே ஒரு லிட்டர் ரெசின் இருந்தால் 550 தண்ணீரில் 90 லிட்டர். ஒருவர் குளித்துத் துணியும் துவைத்தால் முடிந்தது. வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பரவாயில்லை.

சொந்தக் கிணறு உள்ள வீட்டில் உண்மையான சிக்கல் மோட்டார்தான், விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். வயலுக்குப் பாயும் 5 எச்.பி. மோட்டாரின் குழாயிலேயே ஒரு 'T' இணைப்பு போட்டு வீட்டுத் தொட்டிக்கு ஏற்றுபவர்கள் நம்மூரில் நிறைய. அந்த வேகத்தில் வரும் தண்ணீரை 25 லிட்டர் ரெசின் தாங்காது. அது நிதானமாகக் கையாளக்கூடியது மணிக்கு ஆயிரம் லிட்டர் சுமார். வேகம் கூடினால் தண்ணீர் ரெசினோடு ஒட்டாமல் ஓடிவிடும், கடினத்தன்மை பாதி அப்படியே வெளியே வரும். சரி, மேல் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மாட்டலாம் என்றால், 12 அடி உயரத் தொட்டியில் அரைக் கிலோ அழுத்தம்கூடக் கிடைக்காது. தானாகக் கழுவிக்கொள்ளும் மெஷின்கள் பலவற்றுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ தேவை. அதனால் கீழே ஒரு தொட்டி, அதிலிருந்து சின்ன பிரஷர் பம்ப், பம்புக்குப் பின்னால் சாஃப்ட்னர், அங்கிருந்து மேல் தொட்டி என்று வைப்பதுதான் சரி. மேலே இரண்டு தொட்டி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்றில் மென்நீர், அது குளியலறை, கீசர், வாஷிங் மெஷினுக்கு. மற்றதில் கிணற்றுத் தண்ணீர், அது மாட்டுக்கும் செடிக்கும் வாசல் கழுவவும். பிளம்பிங் செலவு கூடும். ஆனால் அந்தப் பைப்லைனைப் பிரிக்காமல் தோட்டத்துக்கும் மென்நீரைப் பாய்ச்சினால் உப்பு மூட்டை சுமந்தே அலுத்துவிடும். மா ஒட்டுச் செடிக்கும் மல்லிகைக்கும் சோடியம் ஆகாது.

தானியங்கியா கையால் திருப்புவதா? வீட்டில் நாளைக் கணக்கு வைத்து வால்வைத் திருப்ப ஒரு ஆள் இருந்தால் ஒரே பிடியைத் திருப்பி ஓட்டம், கழுவல் என்று மாற்றும் மல்டிபோர்ட் வால்வு வைத்ததே போதும், பழுதானால் உள்ளூர் பிளம்பரே சரிசெய்வார். தானியங்கி என்றால் நாள் கணக்கில் ஓடும் டைமர் வகை வேண்டாம், ஓடிய லிட்டரை அளந்து கழுவும் மீட்டர் வகை வாங்குங்கள். ஊருக்குப் போயிருக்கும்போதும் டைமர் பாட்டுக்கு உப்பைக் கரைத்துக் கொட்டும்.

இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் முன்னால் இரும்பு நீக்கும் ஃபில்டர் கட்டாயம். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பக்கெட்டில் வைத்த சில மணி நேரத்தில் மஞ்சளாகிறது என்றால் அதுதான் இரும்பு. ரெசினில் அது ஒட்டிக்கொண்டால் உப்பு எவ்வளவு போட்டும் பழைய வலு வராது. திறந்த கிணறு என்பதால் பாசி, வண்டலுக்கு ஒரு மணல் ஃபில்டரும் வேண்டும்.

குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தம், உப்பே வேண்டாத எலக்ட்ரானிக் பெட்டி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் கடினத்தன்மைக் கிட்டில் சோதியுங்கள், எண் மாறாது. நான் அதற்குக் காசு கொடுக்க மாட்டேன்.

அந்தக் கிட் ஒன்றை எப்படியும் வாங்கி வீட்டில் வையுங்கள். மெஷின் மாட்டும் அன்றே, பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், வெளியே வரும் தண்ணீரைச் சோதியுங்கள். பூஜ்யம் வர வேண்டும். வந்த பிறகு, கிணற்றுத் தண்ணீரை மெஷினுக்குள் போகாமல் நேராக விடும் பைபாஸ் வால்வைக் கொஞ்சம் திறந்து, கடினத்தன்மை 100 அளவுக்கு வரும்படி கலந்துவிட்டால், குளிக்கும்போது சோப்பே போகாத மாதிரி வழவழப்பு இருக்காது, உப்பும் மிச்சம்.

உப்புக்கு மண் கலந்த மலிவுக் கல் உப்பு வேண்டாம், அடியில் சேறு தங்கி, உப்புக் கரைசலை உறிஞ்சி இழுக்கும் இன்ஜெக்டரை அடைக்கும். அயோடின் தேவையில்லை, சுத்தமான கல் உப்போ வில்லை உப்போ எதுவானாலும் சரி. கழுவி வெளியேறும் 150, 200 லிட்டர் உப்புநீரைத் தென்னை அடியிலும் விடாதீர்கள், கிணற்றுக்குப் பக்கத்து உறிஞ்சுகுழியிலும் விடாதீர்கள். கிணற்றை விட்டு விலகி, சரிவில் கீழே, எதுவும் பயிரிடாத இடத்துக்கு ஒரு பைப்பை இழுத்துவிடுங்கள்.