பந்தயக் காரில் பெல்ட் அறுந்து ஓட்டுநர் இறந்தால் நஷ்டஈடு வழக்குகள் ஏன் வெளியிலேயே பேசி முடிக்கப்படுகின்றன?

கேள்வி: அமெரிக்க நாஸ்கார் வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001இல் இறந்தபோது சீட் பெல்ட் அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். பெல்ட் நிறுவனம் நஷ்டஈடு கொடுத்ததா? இந்த மாதிரி வழக்குகள் தீர்ப்பு வராமலே சமரசத்தில் முடிவது ஏன்?

பதில்:

அந்த விவகாரத்தில் கோர்ட்டுக்குப் போய் நஷ்டஈடு கேட்டவர் பெல்ட் செய்தவர்தான். கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு தன் பெயரைக் கெடுத்துவிட்டது என்று சொல்லி, பெல்ட் நிறுவனத்தின் பில் சிம்ப்சன் 2002 பிப்ரவரியில் 85 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவும் தீர்ப்பு வரை போகவில்லை. அந்த பெல்ட் அறுந்ததற்காக அவருடைய நிறுவனத்தைப் பணம் கட்டச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இவ்வளவுதான் பதில். இரண்டாவது பாதிக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரகடம் பக்கத்தில் சீட் பெல்ட் நாடா நெய்யும் ஒரு தொழிற்சாலையில் 9 வருடம் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். நாங்கள் நெய்தது சாதாரணக் கார்களுக்கு. ஆனால் அந்த நாடா, நாங்கள் வெப்பிங் என்போம், எப்போது தாங்கும், எப்போது கிழியும் என்று தினமும் மெஷினில் இழுத்துப் பார்த்தவன் நான். நேராக, முழு அகலத்துக்கும் சமமாக இழுத்தால் அது தாங்கும் பாரம் பிரமிக்க வைக்கும். அதே நாடா, பெல்ட்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் கம்பிக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டுவிட்டால் பாரம் முழுவதும் ஒரு ஓரத்து இழைகள் மேல் விழும். முதலில் அந்த ஓரம் கிழியும், பிறகு மளமளவென்று மற்ற இழைகளும் போகும். அமெரிக்கர்கள் இதை 'டம்பிங்' என்கிறார்கள். எர்ன்ஹார்ட்டின் இடது இடுப்பு பெல்ட்டுக்கு நடந்தது இதுதான் என்று 2001 ஆகஸ்ட் 21 அன்று வெளியான நாஸ்கார் விசாரணை அறிக்கை சொன்னது.

இங்கேதான் வழக்கின் முடிச்சு விழுகிறது. நாடா ஒதுங்கியது அட்ஜஸ்டர் வடிவத்தின் குற்றமா, காரில் பெல்ட்டைப் பொருத்திய கோணத்தின் குற்றமா? தாங்கள் சொன்ன முறைப்படி பொருத்தவில்லை என்பது சிம்ப்சன் தரப்பின் வாதம். செய்தவர், பொருத்தியவர், பந்தயத்தை நடத்துபவர் என்று மூன்று பேர் நிற்கும் இடத்தில், மூன்று பேருக்குமே மற்ற இருவரைக் காட்ட விரல் இருக்கிறது. நான்காவது விரல் ஓட்டியவரையே காட்டும்: ஆபத்து தெரிந்துதான் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார் என்று.

2001 பிப்ரவரி 18, டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்று. 7 முறை சாம்பியனான எர்ன்ஹார்ட்டின் கறுப்பு 3ஆம் எண் கார் நான்காவது திருப்பத்தில் சுவரில் மோதியது. பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகவே தெரியவில்லை. அவருக்கு வயது 49. ஐந்தாவது நாள், பெல்ட் அறுந்திருந்தது என்று நாஸ்கார் அறிவித்தது. உடனே நாடே பெல்ட்காரர் பக்கம் திரும்பியது. சிம்ப்சனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த ஜூலையில் தன் பெயரைத் தாங்கிய நிறுவனத்திலிருந்தே அவர் விலகினார். தான் செய்த நெருப்புத் தாங்கும் உடையை நிரூபிக்க அதைப் போட்டுக்கொண்டு தன் உடம்பிலேயே தீ வைத்துக் காட்டிய மனிதர் அவர்.

பெல்ட் மீட்புப் பணிக்கு முன்பே அறுந்திருந்ததா என்பதிலேயே சச்சரவு வந்தது. காருக்குள் குனிந்து பெல்ட்டைக் கழற்றிய மீட்புப் பணியாளர் ஒருவர், தான் பார்த்தபோது அது முழுதாக இருந்தது என்றார். விசாரணைக்குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பாலித்தீன் கவர் ஞாபகம் வரும். ஒருமுறை சாலை விபத்தில் சிக்கிய கார் ஒன்றின் பெல்ட் எங்கள் மேஜைக்கு வந்தது. இரண்டு இடத்தில் துண்டாகியிருந்தது. ஆளை வெளியே எடுக்க வெட்டியது எது, விபத்தில் அறுந்தது எது என்று கேட்டிருந்தார்கள். கத்தி பட்ட முனை மழமழவென்று ஒரே மட்டமாக இருக்கும். இழுபட்டு அறுந்த முனையில் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நீளத்தில் பிய்ந்து, சிலது சூட்டில் உருகி முண்டு தட்டியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சொல்லிவிடலாம். அன்று வந்ததில் ஒரு முனையை யாரோ ஏற்கெனவே நறுக்கி நேராக்கியிருந்தார்கள். விபத்து நடந்த நாளிலிருந்து எங்களிடம் வரும்வரை அது எத்தனை கை மாறியது என்று எழுதிய சீட்டும் இல்லை. 'தீர்மானிக்க இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் குடும்பத்துக்கு அந்த இரண்டு வார்த்தை என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

சமரசங்கள் ஏன் நடக்கின்றன என்பதற்கு இதுவே பாதி விடை. சாட்சி சொல்ல வேண்டிய பொருள் கெட்டுப்போயிருக்கும், அல்லது எதிராளியின் கையில் இருக்கும். குடும்பத்துக்குத் தோற்றுவிடுவோமோ என்ற பயம். நிறுவனத்துக்கு ஜூரியை, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவைப் பார்த்துப் பயம்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1972 இண்டியானாபொலிஸ் 500 வென்ற மார்க் டோனஹியூ, 1975 ஆகஸ்டில் ஆஸ்திரிய கிராண்ட் பிரிக்ஸ் பயிற்சியின்போது டயர் செயலிழந்து தடத்தை விட்டுப் பறந்தார். காரிலிருந்து பெரிய காயமில்லாமல் இறங்கியது போலத்தான் இருந்தது. பிறகு தலைவலி வந்தது, மூளையில் ரத்தக்கசிவு, இரண்டு நாளில் கிராட்ஸ் மருத்துவமனையில் உயிர் போனது. அவருடைய கார் தடத்தை விட்டு வந்ததில் தடத்தோரம் நின்ற ஒரு மார்ஷலும் (பந்தயப் பாதுகாப்புப் பணியாளர்) இறந்தார். குடும்பம் டயர் செய்த குட்இயர் மீது வழக்குப் போட்டது. 1984இல் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகர ஜூரி 96 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. சாவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே 9 வருடம்! பிற்பாடு இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள், கடைசியில் கைமாறிய தொகை வெளியே சொல்லப்படவில்லை. 9 வருடம் படியேறிய பிறகும் மேல்முறையீடு காத்திருக்கிறது என்றால், கிடைப்பதை வாங்கிக்கொள்ளும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் வருத்தம் பணத்தைப் பற்றியது அல்ல. இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இரண்டு வரி இருக்கும்: நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, விவரங்களை வெளியே பேசக்கூடாது. அந்த இரண்டாவது வரியோடு சோதனை அறிக்கைகளும் உள்ளே போய்விடுகின்றன. அதே பொருளை அடுத்த வாரம் இன்னொருவர் மாட்டிக்கொண்டு உட்காருவார்.

எர்ன்ஹார்ட் விவகாரத்தில் நடந்த இன்னொரு சமரசத்தை இதனால்தான் சொல்ல விரும்புகிறேன். ஆர்லாண்டோ சென்டினல் என்ற பத்திரிகை பந்தயங்களில் நேரும் தலை, கழுத்துக் காயங்களைப் பற்றி எழுதிவந்தது. பிரேதப் பரிசோதனைப் படங்களை ஒரு நிபுணர் பார்க்க வேண்டும் என்று அது கேட்டது. எர்ன்ஹார்ட்டின் மனைவி தெரசா தடை வாங்கினார். கணவரின் அந்தப் படங்கள் ஊர் பார்க்கும்படி ஆகிவிடுமோ என்று அஞ்சியவரை யார் தப்பு சொல்ல முடியும்? 2001 மார்ச்சில் மத்தியஸ்தர் முன்னிலையில் உடன்பாடு வந்தது: இரு தரப்பையும் சேராத ஒரே ஒரு நிபுணர் படங்களைப் பார்ப்பார், அறிக்கை எழுதுவார், அதன்பின் படங்கள் நிரந்தரமாகப் பூட்டப்படும். டியூக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பாரி மையர்ஸ் பார்த்தார். உடம்பை பெல்ட்டுகள் பிடித்துக்கொள்ள, பிடிப்பில்லாத தலை முன்னால் வீசப்பட்டதில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது, பெல்ட் அறுபடாமல் இருந்திருந்தாலும் பெரும்பாலும் இதுவே நேர்ந்திருக்கும் என்று ஏப்ரலில் எழுதினார். நாஸ்காரின் நிபுணர்கள் இதை முழுதாக ஏற்கவில்லை. பெல்ட் அறுந்ததும் ஒரு காரணம் என்றே ஆகஸ்ட் அறிக்கை சொன்னது. இருக்கட்டும். அதற்குள் பேச்சு பெல்ட்டிலிருந்து கழுத்துக்கு நகர்ந்துவிட்டது.

அந்தக் கழுத்துக்கான சாதனம் அப்போது புதிதும் அல்ல. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே தோளில் மாட்டிக்கொண்டு தலை முன்னால் வீசப்படாமல் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் என்ற காப்பை உருவாக்கியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் மட்டும் நாஸ்கார் பந்தயங்களில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்று மூன்று ஓட்டுநர்கள் இறந்திருந்தார்கள். அப்படியும் 2001 டேடோனாவில் ஹான்ஸ் அணிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எர்ன்ஹார்ட் அணியவில்லை. அந்த அக்டோபரில் தலை, கழுத்துக் காப்பை நாஸ்கார் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு அதன் முதன்மைத் தொடரான கப் பந்தயங்களில் ஒரு ஓட்டுநர்கூட இறக்கவில்லை. சுவர்களுக்கு அதிர்வு தாங்கும் தடுப்பு வந்தது, இருக்கைகள் மாறின, எல்லாம் சேர்ந்த பலன் அது.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கோ இப்படி ஒரு வழக்கு வந்தால் இரண்டு விஷயம் சொல்வேன். நான் வக்கீல் இல்லை, சோதனை மேஜையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உடைந்த பொருளை யாரிடமும் சும்மா கொடுக்காதீர்கள். படமெடுத்து, முத்திரை வைத்து, யார் கைக்கு எந்தத் தேதியில் போகிறது என்று எழுதி வாங்குங்கள். நறுக்காதீர்கள், கழுவாதீர்கள். அடுத்தது, சமரசத்துக்கு உட்காரும்போது தொகையை ரகசியமாக வைக்கக் கேட்டால் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பொருளின் சோதனை அறிக்கை மட்டும் பந்தயத்தை நடத்தும் அமைப்புக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். தெரசா எர்ன்ஹார்ட் தன் கணவரின் படங்களை யாரும் பார்க்காமல் காத்துக்கொண்டார், மையர்ஸின் அறிக்கையையும் எல்லோரும் படிக்க முடிந்தது.