தேய்க்காத நாளின் கூலி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 24. பள்ளி நாள்களில் மாலைக்கண்ணாகத் தொடங்கிய விழித்திரை நோய் ஆண்டுக்கு ஆண்டு முற்றி, இன்று மூங்கில் குழல் வழியே பார்ப்பது போன்ற ஒரு சிறு வட்டத்தை மட்டுமே மிச்சம் வைத்திருக்கிறது. வரலாற்றில் இளங்கலை முடித்துவிட்டு இரண்டு முறை குரூப் 4 தேர்வு எழுதினேன், கிடைக்கவில்லை. இப்போது பார்வையற்றோருக்கு ஓராண்டு மசாஜ் பயிற்சி அளிக்கும் வெளிமாநிலப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். "இப்பயிற்சியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எழுதி இணைத்துள்ளேன், தாங்கள் படித்துத் திருத்தித் தர வேண்டும்.

அப்பா சம்மதிக்கவில்லை. மசாஜ் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். பிசியோதெரபி படிக்கப் போவதாக அவரிடம் சொல்லிவிடலாமா? அல்லது சித்த மருத்துவம் போன்ற மதிப்பான படிப்புக்கு முயல்வதுதான் சரியா?

பி.கு.: என் அப்பத்தாவுக்குத் தினமும் இரவில் முழங்காலை நீவி விடுகிறேன். "ஒன் வலக்கை நிதானமாக் கேக்குது, இடக்கைக்குத்தான் அவசரம்" என்பார். இது கட்டுரையில் இல்லை, சும்மா தங்களுக்காக எழுதுகிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. அது வந்த வாரத்தில் நான் சோழவந்தானுக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊரில், விற்பதற்காகப் பழைய வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களுக்கு நடுவே நசுங்கிய அலுமினியப் போணி ஒன்று வந்தது. அது யாருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த போணி என்பது எனக்கும் தெரியும், உடனிருந்த அக்காவுக்கும் தெரியும். இருவருமே வாய் திறக்காமல் அதைப் பழைய சாமான் எடுப்பவரின் சாக்கில் போட்டோம். அன்று இரவுதான் உங்கள் கட்டுரையைப் படித்தேன். படித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எத்தனை பங்கு உங்கள் மீதானது, எத்தனை பங்கு அந்தப் போணி மீதானது என்று பிரித்துக்கொள்ளத்தான் இத்தனை நாள்கள் ஆயின.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சித்த மருத்துவப் பட்டம் ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதற்கு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் படித்திருக்க வேண்டும், நீட் எழுத வேண்டும். நீங்கள் படித்தது வரலாறு. ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். பிசியோதெரபி என்பது வேறொரு பட்டப்படிப்பு, வேறொருவர் பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற பெயர். அப்பாவைச் சமாதானப்படுத்துவதற்காக அதை இரவல் வாங்கிப் பூட்டிக்கொள்வீர்களானால், நீங்கள் கற்கப்போகும் தொழிலுக்கு முதல் அவமானத்தை நீங்களே செய்தவர் ஆவீர்கள். அப்பாவைப் பொறுத்தவரை, ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு விடுதியில் நடந்த கைதைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியின் வழியாகத்தான் மசாஜ் என்ற சொல் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அது அவர் குற்றம் அன்று. அவரிடம் விவாதிக்காதீர்கள். நாற்று நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு மாலையில் பேசாமல் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் உட்காருங்கள்.

கட்டுரைக்கு வருகிறேன். "இறைவன் கண்ணை எடுத்துக்கொண்டு கையைக் கொடுத்தான்" என்று தொடங்குகிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். கை யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை, பழக்கப்படுகிறது. மதுரைப் பக்கத்துக்காரரான உங்களுக்கு மருத்துவர் வெங்கடசாமியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு, அதே விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக் கண்புரை அறுவை செய்தவர் அவர். 1976-இல் வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது அவருடைய கை அந்தக் கைதான். பார்வை குறைந்ததால் உங்கள் விரலில் தெய்வம் வந்து குடியேறிவிட்டதாக நீங்களே எழுதினால், ஓராண்டுப் பயிற்சி எதற்கு என்று பள்ளிக்காரர்கள் கேட்க மாட்டார்களா?

இதுவாவது ஒரு வரி. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. உங்கள் ஒரு பக்கக் கட்டுரையில் 'சேவை' என்ற சொல் ஒன்பது முறை வருகிறது. 'மக்களுக்குச் சேவை', 'முதியோருக்குச் சேவை', 'சேவை மனப்பான்மை', 'என் வாழ்நாள் சேவை' என்றெல்லாம் எழுதியிருக்கும் உங்களுக்குத் தொழில் என்ற சொல்லோ, சம்பளம் என்ற சொல்லோ ஒரே ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை. தம்பி, இந்தச் சொல்லை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? வங்கித் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் நண்பர் தமது விண்ணப்பத்தில் இப்படி எழுதுவாரா? உடம்பைத் தொடுகிற வேலை என்றதும், கூலி கேட்பதற்குக் கூசுகிற ஒரு பழக்கம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் வீட்டுக் கதையைக் கொண்டே சொல்கிறேன்.

1979-ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். என் தந்தைக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ஏணியில் நின்று வெற்றிலை கிள்ளும்போது சறுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தார். கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த நான்காம் நாள், அந்தக் காலின் ஆடுசதை வீங்கிக் கனத்தது. கட்டிக் கிடந்த கால் இறுகிப்போயிருக்கிறது, உருவி விட்டால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். மருத்துவச்சிக்கு ஆள் போனது.

அவரை ஊரில் மருத்துவச்சி என்றுதான் சொல்வார்கள். முடிதிருத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். என்னையும் அக்காவையும் சேர்த்து அந்தத் தெருவின் பிள்ளைகளையெல்லாம் முதலில் தொட்டவை அவருடைய கைகள். கைக்குழந்தைக்கு உரம் விழுந்தால் எடுப்பார், குடலேற்றம் தட்டுவார், சுளுக்கை உருவுவார், பிள்ளை பெற்றவளை எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார். இத்தனை உடம்புகளைத் தொட்ட அவர் எங்கள் வீட்டுக்குக் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான் வருவார். கஞ்சி அந்த அலுமினியப் போணியில் ஊற்றப்படும். என் அப்பத்தாவைவிட மூத்தவரான அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை அப்படிக் கூப்பிடுவதில் பிழை இருப்பதாக அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கொல்லைத் தாழ்வாரத்தில் பாய் விரித்து அப்பாவைப் படுக்க வைத்தோம். மருத்துவச்சி நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். பிறகு உள்ளங்கையை வைக்காமல் புறங்கையை வீங்கிய காலின் மேல் வைத்தார். எடுத்து மற்றக் காலில் வைத்தார். மீண்டும் இந்தக் காலுக்கு வந்தார். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, கையில் இருந்த எண்ணெயைத் தம் தலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இது சுளுக்கு இல்ல சாமி. ஒத்தக் காலு மட்டும் கொதிக்குது. நான் கை வைக்க மாட்டேன். மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார். அப்பா சத்தம் போட்டார். மருத்துவச்சி அசையவில்லை. அம்மாதான் வண்டி பேசினார்.

மதுரையில் மருத்துவர் சொன்னதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அசையாமல் கிடந்த காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அந்த நேரத்தில் யாராவது அழுத்தி உருவியிருந்தால், கட்டி பெயர்ந்து இரத்த ஓட்டத்தோடு ஏறி நுரையீரலை அடைத்திருக்கக்கூடும். மூன்று வாரம் கழித்து அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார்.

அந்த மூதாட்டிக்கு என்ன கொடுத்தோம் என்று கேளுங்கள். ஒன்றும் கொடுக்கவில்லை. ஏதாவது கொடுத்தனுப்பலாமே என்று அம்மா கேட்டபோது, "தேய்க்கவே இல்லையே, அதற்கு என்ன கூலி? அறுப்புக்கு அறுப்பு களத்தில் நெல் அளக்கிறோமே" என்றார் அப்பா. அவர் கெட்ட மனிதர் அல்லர். கணக்கை அப்படித்தான் கற்றிருந்தார். களத்தில் ஊர்க் குடிகளுக்கு அளந்து கொடுக்கும் அந்த நெல்லுக்குப் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். நாடே அந்தச் சொல்லை வேறு பொருளில் கொண்டாடத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், எங்கள் களத்தில் அது மருத்துவச்சியின் முந்தானையில் விழுந்த இரண்டு மரக்கால் நெல்லாகவே இருந்தது.

அவர் செய்தது சேவை என்றால், கொடுத்தது போதும், கொடுக்காததும் போதும். தொழில் என்றால், அன்று அவருக்கு நாங்கள் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அவர் கை வைத்து உருவிய ஆயிரம் நாள்களைவிட, கையை எடுத்துக்கொண்ட அந்த ஒரு நாளில்தான் அவருடைய கல்வி முழுவதும் இருந்தது. சித்த மருத்துவம் உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணத்தை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். எங்கள் மருத்துவச்சிக்கு இந்த எண்ணிக்கை தெரியாது, ஒன்பதும் தெரியும். பத்தாவதாக ஒன்றைச் சேர்க்கும் தகுதி எனக்கு இருந்தால் 'எடுத்தல்' என்று சேர்ப்பேன். அதைக் கற்றுக்கொள்ளத்தான், ம., நீங்கள் பள்ளிக்குப் போகிறீர்கள். நீவி விடுவதை உங்கள் அப்பத்தாவே கற்றுக்கொடுத்துவிட்டார். நாளம் எங்கே ஓடுகிறது, கழுத்தின் பக்கவாட்டில் ஏன் அழுத்தக் கூடாது, காய்ச்சல்காரரையும் தோல் புண்பட்டவரையும் புதிதாக எலும்பு முறிந்தவரையும் ஏன் திருப்பி அனுப்ப வேண்டும் என்பவற்றைப் பள்ளி கற்றுத் தர வேண்டும். தராது என்றால் அது பள்ளி அன்று. எத்தனை மணி நேரம் உடற்கூறு நடத்துவார்கள் என்று விண்ணப்பத்தோடு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்டால் இடம் கொடுக்க மாட்டார்களோ என்று பயப்படாதீர்கள்.

பார்வையற்றவர் 'சேவை' என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு வசதி என்பதையும் யோசித்துப் பாருங்கள். சான்றிதழைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். வேலைக்கு வைக்கும்போது, இவருக்குப் பணம் பெரிதில்லை, மனம்தான் பெரிது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். மற்ற ஊர்களில் உங்களைப் போன்றவர்கள் வேறு மொழியில் பேசியிருக்கிறார்கள். ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர், அக்குபங்சருக்கான மெல்லிய ஊசியைக் குழலுக்குள் வைத்துத் தட்டி இறக்கும் முறையைக் கண்டார். பார்வையற்றோர் ஊசி மருத்துவமும் உடல் பிடித்துவிடுதலும் கற்பதற்குப் பள்ளிகளும் அமைத்தார். அந்நாட்டில் இன்று இத்தொழிலுக்கு மூன்றாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் உண்டு. தென்கொரியாவில் மசாஜ் செய்யும் உரிமமே பார்வையற்றோருக்கு மட்டும்தான். 2006-இல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, அவர்கள் சியோல் நகரத்து ஹான் ஆற்றுப் பாலத்துக்குப் போய்ப் போராடினார்கள். சிலர் ஆற்றில் குதித்தார்கள். அதே ஆண்டில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 2008-இல் அதே நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. ஒரு தொழில் ஒரு பிரிவினருக்கு மட்டும் உரியதாக இருப்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரே சாதியின் தலையில் அதைக் கட்டிவைத்த ஊரில் பிறந்த எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் ஆற்றில் குதித்தவர்கள், எங்கள் சேவையைப் பறிக்காதீர்கள் என்று கேட்கவில்லை. எங்கள் பிழைப்பைப் பறிக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பச் சொன்னீர்கள். நான் திருத்தவில்லை; உங்கள் பின்குறிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது சேவைகளுக்கு இடையில் ஒரே ஓர் உடம்புகூட இல்லை. பின்குறிப்பில் ஒரு முழங்கால் இருக்கிறது, அதை நீவுகிற இரண்டு கைகள் இருக்கின்றன, அந்தக் கைகளில் பிழை கண்டுபிடிக்கும் ஓர் ஆசிரியரும் இருக்கிறார். அதை நீங்கள் 'சும்மா' எழுதினீர்களாம். அங்கிருந்து தொடங்குங்கள். எந்த முழங்காலில் வலி, எழும்போது வருகிறதா உட்காரும்போது வருகிறதா, எங்கே தொட்டால் அப்பத்தா முகம் சுளிக்கிறார், அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் கண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி போதும். பயிற்சிக்கான பாடம் ஒலி வடிவில் வேண்டுமா, பிரெய்லில் வேண்டுமா என்று அவர்களுக்குத் தெரிவதற்காக. கடைசிப் பத்தியில், பயிற்சி முடித்து மேலூரில் சொந்தமாக அறை எடுத்துத் தொழில் செய்யப் போகிறீர்களா, மருத்துவமனையில் சம்பளத்துக்குச் சேரப் போகிறீர்களா என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குவீர்கள் என்று எனக்காவது தனியாக எழுதுங்கள்.

இன்று இரவு முழங்காலை நீவும்போது, இடக்கைக்கு ஏன் அவசரம் என்று அப்பத்தாவிடம் கேட்டு வையுங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைத் திருத்தித் தருகிறேன்.