உலகச் சுற்றும் வேண்டாம், கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் சயின்ஸும் வேண்டாம்

சென்னைக்கு அருகே கோவளத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள்; காலையும் மாலையும் கடலில்தான் கிடக்கிறாள், சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்குவது) போட்டிகளுக்காக உலகம் சுற்றப்போவதாகச் சொல்கிறாள். பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்துவிட்டார். நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டதாம்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நகையைத் தொடாதீர்கள். கணக்கு என்றாலே ஓடுகிற பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளை நான்கு வருஷம் அந்த வகுப்பில் உட்கார வைத்தால் அரியரும் வட்டியும்தான் சேரும். பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

சரி, மகள் சொல்லும் உலகச் சுற்று? அதற்கும் நான் தலையாட்டப் போவதில்லை. அந்தப் போட்டிகளை நடத்தும் உலக சர்ஃப் லீக்கின் 2025 சீசனைப் பாருங்கள். ஜனவரியில் ஹவாயின் பைப்லைனில் தொடங்கி அபுதாபி, போர்ச்சுகல், எல் சால்வடார், ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, தஹிதி என்று ஓடி, ஃபிஜியில் இறுதிப் போட்டி. பெண்களில் மோலி பிக்லம் பட்டம் வென்றார். அந்தச் சுற்றில் பெண்களுக்கு இருந்ததே 18 இடம். சீசன் நடுவிலேயே கத்தரித்து 10 ஆக்கினார்கள். அங்கே போய்ச் சேர, முதலில் ஆசியப் பகுதியின் தகுதிப் போட்டிகள், அப்புறம் அதற்கு மேற்படியான சேலஞ்சர் சீரிஸ் போட்டிகள். ஒவ்வொரு படிக்கும் டிக்கெட், பலகைகளுக்குத் தனி லக்கேஜ் கட்டணம், விசா. சீக்கிரம் தோற்றுத் திரும்பினால் கிடைக்கும் பரிசு விமானச் செலவுக்கே காணாது. ஸ்பான்சர் கிடைத்தால் போகட்டும். வீட்டுப் பணத்தில் போகக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மகள் ராத்திரி போனில் போட்டி பார்க்கிறாள், ஒவ்வொரு அலைக்கும் நோட்டில் மார்க் போடுகிறாள், நடுவர் போட்ட மார்க் தப்பு என்று தோழிகளோடு சண்டை பிடிக்கிறாள். நீங்கள் இதைக் குறையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. சர்ஃபிங் நடுவர் வேலையைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

பெரிய போட்டிகளில் ஓர் அலைக்கு ஐந்து நடுவர்கள் பத்துக்கு மார்க் போடுவார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளக் கூடாது. 6.5, 6.8, 7.0, 7.2, 8.0 என்று வந்தால் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் தள்ளுபடி. நடுவில் உள்ள மூன்றின் சராசரி, அதாவது 7.0, அந்த அலையின் மார்க். ஒருவர் எத்தனை அலை பிடித்தாலும் சிறந்த இரண்டுதான் கணக்கு. எதற்கு மார்க்? எவ்வளவு ஆபத்தான இடத்தில் துணிந்து திரும்பினார், புதிதாக என்ன செய்தார், திருப்பங்களை எப்படிக் கோர்த்தார், வேகமும் வலுவும் ஒழுங்கும் இருந்ததா. சில நொடிகளில் முடிந்துவிடும் அலையில் இத்தனையையும் பார்த்தாக வேண்டும். காலையில் முதல் அலைக்குக் கொடுத்த ஆறும் மதியம் அதே தரத்து அலைக்குக் கொடுக்கும் ஆறும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்குமேல் அடுத்த அலையை எடுக்கும் முதல் உரிமை யாருக்கு என்று கவனிக்கத் தனி நடுவர், ஜெர்சி நிறத்தைச் சொல்லி அலையில் இருப்பது யார் என்று கூவ ஓர் ஆள், எல்லோருக்கும் மேலே தலைமை நடுவர். வெயிலில் நாள் முழுக்கக் கண் சிமிட்டாத வேலை, சொகுசு என்று நினைக்க வேண்டாம்.

சர்வதேச சர்ஃபிங் சங்கம் நடுவர்களுக்கென்றே பயிற்சி வகுப்பு நடத்துகிறது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்காகத் தஹிதியிலும் சர்ஃபிங் நடந்தது. நம் மாமல்லபுரத்திலேயே 2023இல் உலக லீக்கின் தகுதிப் போட்டி, 2025இல் ஆசிய சாம்பியன்ஷிப். அந்த ஆசியப் போட்டியில் நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இதெல்லாம் நடக்கிறது. அடுத்த போட்டிக்குத் தன்னார்வலராக வருகிறேன் என்று தமிழ்நாடு சர்ஃபிங் சங்கத்திடம் மகளே போய்க் கேட்கட்டும். மார்க் பதியும் மேசையில் உட்கார இடம் கிடைத்தால் போதும்.

இந்த வேலை மட்டும் இன்று குடும்பத்துக்குச் சோறு போடாது. நம் நாட்டில் வருஷத்துக்குச் சில போட்டிகள்தான். அதனால் பட்டம் ஒன்று கட்டாயம், கட்டணம் கையைக் கடிக்காததாக. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல், விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நேரில் போய் என்னென்ன படிப்பு, எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள். வகுப்பு இல்லாத காலைகளில் குழந்தைகளுக்கு அலை ஏறச் சொல்லிக்கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கட்டும். கூடவே ஆங்கிலம் பேசப் பழக வேண்டும். நடுவர் அறையில் அது இல்லாமல் நடக்காது.

இந்த வாரமே ஒன்று செய்யச் சொல்லுங்கள். பழைய போட்டி வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, திரையில் வரும் மார்க்கை மறைத்துவிட்டு, ஐம்பது அலைக்கு மார்க் போடட்டும். அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அரை மார்க் வித்தியாசத்துக்குள் பாதிக்கு மேல் வந்தால் நோட்டோடு என்னிடம் அழைத்து வாருங்கள். இருபதாவது அலையிலேயே கொட்டாவி விட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.