செம்பு தெரிந்தால் போலி நாணயமா?

கோபன்ஹேகனில் வேலை பார்க்கும் ஒரு வாசகர், அங்கே பழம்பொருள் சந்தையில் டென்மார்க் மன்னர் ஹான்ஸ் காலத்து (1481–1513) வெள்ளிக் காசு ஒன்றை வாங்கியிருக்கிறார். துணியால் தேய்த்ததும் ஓரத்தில் சிவப்பாகச் செம்பு தெரிகிறதாம், எழுத்தும் பாதி இல்லையாம். "ஏமாந்துவிட்டேனா? புளி போட்டுத் துலக்கிப் பார்க்கட்டுமா?" என்கிறார்.

முதலில் அந்தத் துணியைக் கீழே வையுங்கள்.

அந்தக் காசின் பெயர் வித். வெள்ளை என்று பொருள். பெயர்தான் வெள்ளையே தவிர, உள்ளே நிறையச் செம்பு. அடிப்பதற்கு முன் தகட்டை அமிலத்தில் நனைத்து மேலாகத் தெரியும் செம்பை அரித்துவிடுவார்கள், வெள்ளி மட்டும் ஒரு மெல்லிய தோல் மாதிரி நிற்கும். அந்தத் தோலைத்தான் நீங்கள் தேய்த்து எடுத்திருக்கிறீர்கள், அதனால் செம்பு தெரிவதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. எழுத்து போனதும் அப்படித்தான், சுத்தியலால் கையடியாக அடித்த காசு, அச்சு கொஞ்சம் விலகினால் பாதி எழுத்து வெளியே போய்விடும். ஓரத்தில் வார்ப்புக் கோடோ, காசின் முகத்தில் ஊசிமுனை அளவு குழிகளோ இருந்தால்தான் கவலைப்படுங்கள், அவை அடிக்காமல் உருக்கி ஊற்றிய போலிக்கு அடையாளம்.

எனக்குக் கவலை காசை விடவும் விற்றவரைப் பற்றித்தான். "வைக்கிங் காசு" என்று சொல்லி விற்றாரா? வைக்கிங் காலம் முடிந்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஹான்ஸ் பட்டத்துக்கே வந்தார். "மால்மோவில் அடித்தது, அதனால் ஸ்வீடன் காசு" என்றாரா? இன்று ஸ்வீடனில் இருந்தாலும், 1658 வரை மால்மோ டென்மார்க்கின் ஊர். அவரே அச்சடித்துக் கொடுக்கும் உத்தரவாதச் சீட்டு இருக்கிறதே, அதைச் சுண்டல் மடிக்க வைத்துக்கொள்ளலாம்.

"வயலில் கிடைத்தது" என்று சொல்லியிருந்தால்தான் நிஜமான வம்பு. டென்மார்க்கில் மண்ணிலிருந்து எடுத்த ஹான்ஸ் காலத்துக் காசு அரசுக்குச் சொந்தம், 1241இன் யூட்லாந்துச் சட்டத்திலிருந்தே இதுதான் கதை. நார்வேயில் 1650க்கு முந்தைய காசு என்று ஒரு கணக்கு, ஸ்வீடனில் வேறு கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒரே விதி போட்டால்தான் என்ன! பழைய சேகரிப்பிலிருந்து வந்த காசுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் "தாத்தா பெட்டியில் இருந்தது" என்று வாயால் சொன்னால் போதாது. பழைய ஏலப் பட்டியலில் இதே காசின் படம், பழைய ரசீது, சேகரித்தவர் கைப்பட எழுதிய சீட்டு, இப்படி ஏதாவது ஒன்று வேண்டும். பெட்டி மட்டும் பழையது, காசு போன மாதம் தோண்டியது என்ற கூத்தும் நடக்கிறது.

அதனால் காசு எங்கிருந்து வந்தது என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.