கனடாவில் பனி மட்டும்தானா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கனடா எழுத்தாளர்களைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஆலிஸ் மன்றோ, மார்கரெட் அட்வுட், மைக்கேல் ஒண்டாச்சி, ரோஹிண்டன் மிஸ்திரி, யான் மார்ட்டெல் என ஒரு சுற்று முடிந்துவிட்டது. நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் பிடிஎஃப் அனுப்பிவிடுவதால் செலவும் இல்லை. அந்த நாட்டின் பனியும் அமைதியும் எழுத்திலேயே தெரிகின்றன. கூச்சல் இல்லை, அரசியல் இல்லை. குளிர் நாட்டு மனிதர்களின் நிதானம் அது. வெயிலில் வேகும் நம் எழுத்தாளர்களுக்கு அது வராதோ? அடுத்து யாரைப் படிக்கலாம்?
— வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: சீரியலுக்கு முன்னால் உட்காராமல் மன்றோவைப் படிக்கிறீர்கள், அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். மற்றபடி உங்கள் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ள அதிகம் இல்லை.

பனி என்கிறீர்களே, எந்தப் பனி? மிஸ்திரியின் 'எ ஃபைன் பேலன்ஸ்' நடப்பது நெருக்கடி நிலைக் காலத்து இந்தியாவில். குடிசைகளை புல்டோசர் தள்ளுகிறது. சந்தைக்குப் போனவர்களைப் போலீஸ் குப்பை லாரியில் ஏற்றிக் கருத்தடை முகாமில் இறக்குகிறது. இதில் அரசியல் இல்லையாம்! ஒண்டாச்சியின் 'இங்கிலீஷ் பேஷன்ட்' குண்டுவீச்சில் சிதைந்த ஓர் இத்தாலிய மாளிகையிலும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் நடக்கிறது. மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' பாண்டிச்சேரியில் ஆரம்பித்துப் பசிபிக்கில் மிதக்கிறது. ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர், மிஸ்திரி பம்பாயில், மார்ட்டெல் ஸ்பெயினில். குளிர் இவர்களுக்கெல்லாம் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

சரி, மன்றோவுக்கு வருவோம். அவர் அசல் ஒன்டாரியோக்காரர், விங்ஹம் என்ற சிற்றூர். அப்பா ரோமத்துக்காக நரி வளர்த்தவர். 1968இல் வந்த மன்றோவின் முதல் சிறுகதைத் தொகுப்பில் 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' என்று ஒரு கதை இருக்கிறது. அதை நிஜமாகவே படித்தீர்களா? குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டின் நிலவறையில், பளீரென்ற ஒற்றை பல்புக்கு அடியில், அப்பா நரிகளைத் தோலுரிக்கிறார். ரத்தமும் நரியின் நெடியும் வீடெங்கும் ஏறுகின்றன. அம்மாவுக்கு அது பிடிக்காது. கதை சொல்லும் சிறுமிக்கு அது பழகிய வாசனை. நரிகளுக்குத் தீனி குதிரை இறைச்சி. டிராக்டர் வந்துவிட்டதால் யாருக்கும் வேண்டாமல் போன குதிரைகளை வாங்கிவந்து சுட்டுப் போடுகிறார்கள். ஒருநாள் ஃப்ளோரா என்ற குதிரை பிடியிலிருந்து தப்பி ஓடுகிறது. கேட்டை மூடு என்று அப்பா கத்துகிறார். ஓடிப் போய்ச் சேர்ந்த சிறுமி அதை அகலத் திறந்துவிடுகிறாள். குதிரை எப்படியும் பிடிபடத்தான் போகிறது, அது அவளுக்கும் தெரியும். சாப்பாட்டு மேஜையில் தம்பி போட்டுக்கொடுக்கிறான். அப்பா திட்டவில்லை. அவள் வெறும் பொட்டைப் பிள்ளைதானே என்று கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார். நீங்கள் நிதானம் என்று ரசிப்பது இந்தக் குரலைத்தான். அடித்திருந்தால்கூட அந்தப் பெண் தாங்கியிருப்பாள்.

அமைதியைப் பற்றிப் பேசுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் மன்றோ இறந்தார். ஜூலையில் அவருடைய இளைய மகள் 'டொரான்டோ ஸ்டார்' பத்திரிகையில் எழுதினார்: சின்ன வயதில் மாற்றாந்தந்தை தன்னைப் பாலியல் ரீதியாகச் சீண்டினார், வளர்ந்தபின் அம்மாவிடம் சொல்லியும் அம்மா அந்த மனிதரோடேயே வாழ்ந்தார். 2005இலேயே அந்த ஆள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். நோபல் பரிசு வந்தது 2013இல். நடுவில் அத்தனை வருஷமும் வெளியே பேச்சு மூச்சில்லை. மன்றோவைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குளிர் நாட்டு மனிதர்களின் அமைதி என்று சர்டிபிகேட் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அடுத்து உங்கள் வெயில் ஆராய்ச்சி. கனடாவில் 1950லும் இதே குளிர்தான். ஆனால் கடைகளையும் பள்ளிக்கூடங்களையும் பிரிட்டிஷ், அமெரிக்கப் புத்தகங்களே ஆண்டன. மாறியதற்குக் காரணம் வானிலை அல்ல, பணம். 1957இல் எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் நிதி தரும் கனடா கலை மன்றம் வந்தது. அதன் மூலதனம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்போது இறந்துபோன இரண்டு பெரும் பணக்காரர்களின் சொத்தில் அரசுக்குக் கிடைத்த வாரிசு வரியிலிருந்து. (எனக்கு மிகவும் பிடித்த கனடாக் கதை இதுதான்.) மறுவருஷமே மெக்லெலண்ட் அண்ட் ஸ்டூவர்ட் பதிப்பகம் உள்ளூர் நூல்களை மலிவுப் பதிப்பாகப் போட ஆரம்பித்தது. 1967இல் அனான்சி என்ற சின்னப் பதிப்பகம் முளைத்தது. அதற்காகத்தான் அட்வுட் 1972இல் 'சர்வைவல்' என்ற கனடா இலக்கிய வழிகாட்டி நூலை எழுதினார். கனடா இலக்கியம் என்று ஒன்று உண்டா என்று கனடாக்காரர்களே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

1986லிருந்து இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. பொது நூலகங்களின் அட்டவணையில் எந்தெந்த எழுத்தாளரின் புத்தகம் இருக்கிறது என்று வருஷாவருஷம் பார்த்து, அதற்கென அவருக்கு ஒரு தொகை அனுப்புகிறார்கள். எத்தனை பேர் எடுத்துப் படித்தார்கள் என்பது கணக்கில் இல்லை; புத்தகம் பழசாக ஆகத் தொகை குறையும். நூலகத்தில் ஓசியில் படித்தால் எழுத்தாளருக்கு விற்பனை நஷ்டமாகுமே, அதை ஈடுகட்டத்தான் இது. உங்கள் வாட்ஸப் நண்பர் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். நம் எழுத்தாளர்களிடம் நிதானத்தை எதிர்பார்க்கும் நீங்கள், அவர்கள் புத்தகத்தைக் கடைசியாகக் காசு கொடுத்து எப்போது வாங்கினீர்கள் என்றும் எழுதியிருக்கலாம்.

அடுத்து யார் என்று கேட்டீர்கள். உங்கள் பட்டியலில் நோபலும் புக்கரும் வாங்கியவர்கள், வாங்காவிட்டால் அதன் இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள். பரிசுச் செய்தியைப் பார்த்துப் படிப்பது தப்பில்லை, அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

ஜாய் கோகாவாவின் 'ஒபாசான்' (1981) முதலில். இரண்டாம் உலகப் போரின்போது மேற்குக் கடற்கரையில் இருந்த சுமார் 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை கனடா அரசு வீட்டைவிட்டு வெளியேற்றியது. பெரும்பாலோர் அந்த நாட்டுக் குடிமக்கள். வீடு, மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் பறித்து விற்றார்கள். போர் முடிந்தபிறகும் 1949 வரை கடற்கரைக்குத் திரும்ப விடவில்லை. கோகாவா சிறுமியாக அதை அனுபவித்தவர். 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 21,000 டாலர் கொடுத்தது. அந்த நாவலின் வரிகள் நாடாளுமன்றத்திலேயே வாசிக்கப்பட்டன. கூச்சல் இல்லாத நாவல்தான். அரசியல் இல்லை என்று மட்டும் அப்புறம் எழுதிவிடாதீர்கள்.

கனடாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. உங்கள் ஐவரும் எழுதியது ஆங்கிலத்தில். காப்ரியேல் ரோய் 1945இல் மான்ட்ரியால் நகரின் ஓர் ஏழைப் பேட்டையை நாவலாக்கினார். 'தி டின் ஃப்ளூட்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வேலையில்லாத ஆண்களுக்குப் பட்டாளத்துச் சம்பளம்தான் கதி. ஊரே அஞ்சும் போர் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

அப்புறம் நம்மவர்கள். ஷ்யாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994) கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனின் கதை, 1983 கலவரத்தில் முடிகிறது. கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம் கனடாவில் உட்கார்ந்துகொண்டு தமிழிலேயே எழுதுகிறார். கனடா எழுத்தாளர் என்றதும் உங்களுக்கு அவர் நினைவுக்கே வரவில்லை, பாருங்கள். அவருடைய புத்தகங்கள் தமிழ்நாட்டிலேயே அச்சாகின்றன. பதிப்பகத்துக்குப் பணம் கட்டினால் ஈரோட்டுக்குத் தபாலில் வந்துவிடும்.