ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு நீர்மூழ்கி

அன்புள்ள சார்,

தண்ணீரில் நடக்கும் த்ரில்லர்களில் நல்லவை பலவும் யார் கண்ணிலும் படாமலே போய்விட்டன என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு போலன்ஸ்கியின் ‘நைஃப் இன் த வாட்டர்’ பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். மூன்று பேர் படகில் ஏறுகிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள், இறங்குகிறார்கள். ஒரு கொலைகூட இல்லை. பிறகு ‘த உல்ஃப்ஸ் கால்’ என்ற பிரெஞ்சு நீர்மூழ்கிப் படம். பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் ஒரு கால் சென்டரில், வாய்ஸ் பிராசஸில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். ஒன்பது மணி நேரம் ஹெட்செட். அதனால் திரும்பி வரும்போது ஆபீஸ் கேபில் (காரில்) சத்தத்தை அணைத்துவிட்டு, சப்டைட்டிலோடு, 1.5 வேகத்தில்தான் படம் பார்ப்பேன். அதிகம் பேசப்படாத பத்துப் படங்களைத் தரவரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா? சுறாப் படங்கள் இந்த வகையில் சேருமா? நம் ஆட்கள் ஏன் இப்படி எடுப்பதில்லை?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் காது மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வலது காதில் மூன்று மாதமாக ஓர் இரைச்சல். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கேட்கிறதா, கேட்பதுபோல இருக்கிறதா என்று தெரியாமல் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம். சத்தத்தை அணைத்துவிட்டு நீர்மூழ்கிப் படம் பார்த்தேன் என்கிறீர்கள். கோபம் வந்தது. இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தரவரிசை கிடையாது, படங்கள் என்னிடம் பரீட்சை எழுதவில்லை. சுறா எனக்கு அலுத்துவிட்டது. ‘ஓப்பன் வாட்டர்’ (2003) மட்டும் விதிவிலக்கு. நிஜச் சுறாக்கள் நடுவே நடிகர்களை இறக்கி எடுத்த படம் அது. அதிலும் என்னை உலுக்கியது சுறா இல்லை. சுற்றுலாப் படகில் தலை எண்ணுகிறவர் தப்பாக எண்ணிவிடுகிறார் பாருங்கள், அந்த இடம்தான். நம் ஆட்கள் ஏன் எடுப்பதில்லை என்ற ஒப்பாரிக்கு நான் வரவில்லை. 1971இல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கியை வைத்து 2017இல் சங்கல்ப் ரெட்டி ‘காஸி’ எடுத்தாரே, பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘த உல்ஃப்ஸ் கால்’ 2019இல் வெளிவந்தது. எடுத்தவர் அந்தோனான் போத்ரி. அதற்கு முன்பு தூதரக அதிகாரியாக இருந்தவர். அந்தப் படத்தின் நாயகனுடைய வேலையே கேட்பதுதான். பிரெஞ்சுக் கடற்படையில் அப்படிப்பட்டவர்களைத் ‘தங்கக் காது’ என்பார்கள். நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. வெளியே என்ன இருக்கிறது, திமிங்கலமா, மீன்பிடிக் கப்பலா, எதிரியா என்று அவன் காதால் கேட்டுச் சொன்னால்தான் உண்டு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு சத்தத்தில் அவன் தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றம்தான் மொத்தப் படமும். அதை நீங்கள் சத்தமில்லாமல் பார்த்திருக்கிறீர்கள். என்ன தெரிந்திருக்கும்? ஒரு பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். நானாக இருந்தாலும் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

அந்த 1.5க்கு வருகிறேன். இதை விடமாட்டேன். தண்ணீருக்குள் ஒலியால் தேடும் கருவிதான் சோனார். அதில் ‘பிங்’ என்று ஓர் ஒலியை அனுப்புகிறார்கள். அது எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பி வருகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். நான்கு நொடியில் எதிரொலி திரும்பினால் போகவும் வரவும் ஆறு கிலோமீட்டர், அப்படியானால் எதிரி இருப்பது மூன்று கிலோமீட்டரில். நீங்கள் 1.5ஐத் தொட்டதும் அந்த நான்கு நொடி இரண்டே முக்கால் நொடிக்கும் கீழே வந்துவிடுகிறது. எதிரிக் கப்பல் இரண்டு கிலோமீட்டருக்கு வந்துவிட்டது! கட்டைவிரலால் ஒரு போர்க்கப்பலை ஒரு கிலோமீட்டர் கிட்டே இழுத்திருக்கிறீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. சோனார்காரர் உந்துவிசிறியின் துடிப்பை எண்ணித்தான் அது எத்தனை இலை விசிறி, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, யாருடைய கப்பல் என்று கண்டுபிடிக்கிறார். நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றுவதை நீங்கள் 150 ஆக்கினால் அது வேறு கப்பல், கே. கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பதைத் தவிர அந்தப் பையனுக்கு வேறு வேலையே இல்லை. நீங்களோ கேபில் வரும்போது அவனை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஜெர்மன் நீர்மூழ்கிப் படம் ‘தாஸ் பூட்’டையே (1981) எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்கருக்கு ஆறு பரிந்துரைகள், அதில் இரண்டு ஒலிக்கு. மேலே கப்பல் போகிறது, கீழே எல்லோரும் தலையைத் தூக்கி இரும்புக் கூரையைப் பார்க்கிறார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, காது போகிற திசையில் கண்ணும் போகிறது, அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் காதையும் நம்ப முடியாது என்பது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும். பெரியப்பா தோட்டத்துக் கிணறு, பாறையை வெடிவைத்து இறக்கியது. கோடை விடுமுறையில் நாள் முழுக்க அதில்தான் கிடப்போம். சித்தப்பா மகன் காசை வீசுவான், உள்ளே போய் எடுத்து வரவேண்டும். ஒருநாள் அடியில் கையால் துழாவிக்கொண்டிருக்கிறேன், ‘டங்’ என்று ஒரு சத்தம். மண்டைக்குள்ளேயே அடித்த மாதிரி. திரும்பினேன். மறுபடி ‘டங்’. இடப்பக்கமா வலப்பக்கமா மேலேயா கீழேயா ஒன்றும் தெரியவில்லை, எல்லாப் பக்கமும் அதே சத்தம். கிணற்றுக்கு அடியில் ஏதோ இருந்துகொண்டு தட்டுகிறது என்று நினைத்துவிட்டேன். பதறிப்போய் உதைத்துக்கொண்டு ஏறியதில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் நெற்றி இடித்தது. தலையை வெளியே நீட்டினால் பெரியப்பா மோட்டார் மேடையில் குந்தி உட்கார்ந்து, தண்ணீருக்குள் இறங்கும் இரும்புக் குழாயை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருக்கிறார். ஃபுட்வால்வில் ஏதோ அடைப்பு. என் முகத்தில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, மேல வர்றதுக்கு வழி தெரியலையா?” என்றார். திட்டிக்கொண்டேதான் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். தழும்பு இன்னும் இருக்கிறது.

ஏன் திசை தெரியவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. காற்றில் ஒரு சத்தம் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மிகமிகச் சின்ன இடைவெளியில் வந்து சேர்கிறது. அந்த இடைவெளியை வைத்து மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. தண்ணீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மூளை கையை விரித்துவிடுகிறது. பழகிய காது என்றால் கதை வேறு. மலேசியாவின் திரங்கானு கடற்கரையில் படகிலிருந்து இறங்கித் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மீன்கூட்டம் இருக்கும் இடத்தைக் கேட்டே சொல்கிறவர்கள் உண்டு, ‘ஜூரு செலாம்’ என்று பெயர். அவர்கள் முக்கியமாகத் தேடும் கெலமா, நம் ஊர்க் கத்தாளை வகை. அந்த மீன் வயிற்றுக் காற்றுப்பையை அதிரவைத்துக் கத்தும். கடல் அமைதியானது என்று எழுதுகிற கவிஞர்களைக் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் பிடித்து வைக்கவேண்டும். வெப்பக் கடலோரங்களில் கொடுக்கைச் சொடுக்கும் இறால்கள் எழுப்புகிற சத்தம் இடைவிடாமல் கடுகு தாளிக்கிற மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அது நீர்மூழ்கிகளை ஒளித்துவைக்கிற அளவுக்கு இருந்தது.

‘டெட் காம்’ (1989) பார்த்திருக்கிறீர்களா? ஃபிலிப் நாய்ஸ் எடுத்தது. ஒரு நாவலிலிருந்து வந்த படம், அதே நாவலை ஆர்சன் வெல்ஸ் முன்பே படமாக்கத் தொடங்கி முடிக்காமலே விட்டார். கணவன் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலில் மாட்டிக்கொள்கிறான், மனைவி தங்கள் படகில் ஒரு கொலைகாரனோடு. ரேடியோ தண்ணீர் பட்டுக் கெட்டுவிட்டதால் அவள் பேசுவது அவனுக்குக் கேட்கும், அவன் குரல் அவளுக்குப் போகாது. பொத்தானை அழுத்தினால் வெறும் ‘க்ளிக்’ மட்டும் போகும். அவள் கேட்கிறாள், அவன் க்ளிக் செய்கிறான். ஒரு தாம்பத்தியத்தில் மிஞ்சியது அந்த ஒரு சத்தம்தான். மனைவியாக நடித்த நிக்கோல் கிட்மனின் முகத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அந்த க்ளிக்கைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

டென்மார்க்கின் ‘எ ஹைஜாக்கிங்’ (2012) இன்னும் பாவம். அடுத்த வருடமே டாம் ஹாங்ஸ் நடித்த கடற்கொள்ளைப் படம் வந்து இதை மூடிவிட்டது. கப்பலைப் பிடிக்கும் காட்சியையே டோபியாஸ் லிண்ட்ஹோம் காட்டவில்லை. படம் எடுத்த கப்பல் நிஜமாகவே ஒருமுறை கடத்தப்பட்டது, பேரம் பேச ஆலோசனை சொல்பவராக வருகிறவர் நிஜ வாழ்க்கையிலும் அதே வேலை பார்த்தவர். படத்தில் பாதிக்குமேல் தொலைபேசிதான். கரகரக்கும் ஸ்பீக்கர், நாம் பேசி அது போய்ச் சேரும் வரை ஒரு மௌனம், அந்த மௌனத்தில் அங்கே யாரையாவது சுட்டுவிட்டார்களா என்ற பயம். இதை ஒன்றரை மடங்கில் பார்த்தால் பேரம் சீக்கிரம் படிந்துவிடும், வேறென்ன!

கொரியாவின் ‘ஹேமூ’வையும் (2014) பாருங்கள், கடல்மூடுபனி என்று பொருள். 2001இல் ஒரு மீன்பிடிக் கப்பலில் நிஜமாக நடந்த கொடுமையிலிருந்து வந்த படம். மேற்கொண்டு சொல்லமாட்டேன்.

‘நைஃப் இன் த வாட்டர்’ பற்றி நீங்கள் எழுதிய சுருக்கத்தில் தப்பே இல்லை. நீங்கள் பார்த்தது அதுதான். ஆனால் போலன்ஸ்கி 1962இல் எடுத்தது அதை இல்லை. அதில் மூன்றே பாத்திரங்கள். அந்த இளைஞனுக்குக் குரல் கொடுத்தவர் போலன்ஸ்கியே, அந்தப் பெண்ணுக்குக் குரல் இன்னொரு நடிகையுடையது. படகில் இருக்கும் மூன்று உடம்பில் இரண்டு இரவல் குரலில் பேசுகின்றன. மழைக்கு எல்லோரும் அறைக்குள் அடைந்து கிடக்கும் இடத்தை நினைத்துப்பாருங்கள். விளையாட்டில் தோற்றதற்காக மனைவி பாடுகிறாள், பையன் கவிதை சொல்கிறான். கணவனோ ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு குத்துச்சண்டை வர்ணனை கேட்டுக்கொண்டிருக்கிறான். மனைவி பாடுவது அவனுக்குக் கேட்கவில்லை. பையனுக்குக் கேட்கிறது. கொலை இல்லை என்கிறீர்களே, அங்கே விழுந்தது என்ன? உங்களுக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. அந்தப் படகில் நீங்கள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

ரொம்பத் திட்டிவிட்டேன். ஒன்பது மணி நேரம் முகம் தெரியாதவர்களின் கோபத்தைக் காதில் வாங்குகிறவருக்கு வீடு திரும்பும்போது சத்தம் வேண்டாம் என்று இருப்பது எனக்குப் புரிகிறது. நீங்களும் ஒரு காதுக்காரர்தானே. ஒரு மூச்சின் இழுப்பிலேயே எதிர்முனையில் இருப்பவர் கத்தப்போகிறாரா அழப்போகிறாரா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தத் ‘தங்கக் காது’ப் பையனை என்னைவிட நீங்கள்தான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். அதனால்தான் இவ்வளவு கோபம்.

2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேரோடு காணாமல் போனது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கக் கடலுக்கடியில் போட்டிருக்கும் ஒலிவாங்கிகளில், அசென்ஷன் தீவுப் பக்கமும் குரோசே தீவுகள் பக்கமும், அன்றைக்கு ஒரு சத்தம் பதிவாகியிருந்தது. கப்பல் கண்டுபிடிக்கப்பட ஒரு வருடம் ஆனது, சுமார் 900 மீட்டர் ஆழத்தில். அந்தப் பதிவை முதலில் கேட்டவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்ன செய்திருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன்.

வார விடுமுறையில் நன்றாகத் தூங்கி எழுந்து, ‘த உல்ஃப்ஸ் கால்’ முதல் இருபது நிமிடம் மட்டும் பாருங்கள். கேபில் வேண்டாம், வீட்டில். சத்தத்தோடு, அது எடுக்கப்பட்ட வேகத்தில். அப்புறம் எனக்கு எழுதுங்கள், அந்தப் பையன் கண்ணை மூடும்போதெல்லாம் உங்களுக்கு என்னென்ன கேட்டது என்று. பிங்குக்கும் பிங்குக்கும் நடுவே மெல்லிசாக ஓர் இரைச்சல் எனக்குக் கேட்கிறது. அது படத்தில் இருக்கிறதா, என் வலது காதில் இருக்கிறதா என்று தெரியவில்லை.