போலோ லெஜண்ட் எடிஷனுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூருவில் 2022 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ லெஜண்ட் எடிஷன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மொத்தமே 700 வண்டிதான் விட்டார்கள் என்பதால், அதே வருடத்து சாதாரண ஜிடி டிஎஸ்ஐயை (போலோவின் டர்போ பெட்ரோல் வேரியன்ட்) விட ஒன்றரை லட்சம் அதிகம் கேட்கிறார் ஓனர். நான் இருப்பது ஈரோட்டில். வாங்கலாமா?

பதில்:

வண்டியை வாங்கலாம். அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்க வேண்டாம்.

நான் கோவையில் 2021 ஜிடி டிஎஸ்ஐ ஓட்டுகிறேன். என் வண்டியையும் ஒரு லெஜண்டையும் பக்கத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே 999 சிசி மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 110 பிஎஸ், 175 என்எம், அதே ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். 2010இல் இங்கே விற்பனைக்கு வந்த போலோவை 2022இல் நிறுத்தும்போது, பன்னிரண்டு வருடக் கணக்கு முடிந்த நினைவாக விட்டதுதான் லெஜண்ட். அன்றைய எக்ஸ் ஷோரூம் விலை 10.25 லட்சம். கூடுதலாகக் கொடுத்தது ஃபெண்டரிலும் டிக்கியிலும் 'லெஜண்ட்' பேட்ஜ், பக்கவாட்டில் ஸ்டிக்கர், டிக்கிக் கதவில் ஒரு கறுப்புப் பட்டை. அவ்வளவுதான்.

லிமிடெட் எடிஷன் என்றாலே ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. இதே போலோவில் 2016 கடைசியில் ஜிடிஐ வந்தது நினைவிருக்கலாம். இந்தியாவுக்கு 99 வண்டி என்று அறிவித்தார்கள். மூன்று கதவு, 1.8 லிட்டர் டர்போ, 192 பிஎஸ், 250 என்எம். முழு வண்டியாகவே இறக்குமதி. விலை 25.65 லட்சம் என்றதும் ஆளாளுக்குச் சிரித்தார்கள், பிறகு 20 லட்சத்துக்குக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதை இன்று ஒருவர் விற்றால் கூடுதல் விலை கேட்க நியாயம் இருக்கிறது. அந்த இன்ஜினை இந்தியாவில் வேறெந்த போலோவிலும் வாங்க முடியாது. லெஜண்டில் அப்படி எதுவும் இல்லை.

போலோவே இப்போது வருவதில்லை என்பதால் நல்ல நிலையில் இருக்கும் எந்த ஜிடி டிஎஸ்ஐக்கும் கிராக்கி இருக்கிறது. அந்த கிராக்கி சாதாரண ஜிடியின் விலையிலேயே ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதற்கு மேலும் ஸ்டிக்கருக்கு ஒரு விலை என்றால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பதாகும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: இன்சூரன்ஸ். பாலிசியில் போடும் ஐடிவி (வண்டிக்கு இன்சூரன்ஸில் குறிக்கும் மதிப்பு) பொதுவாக கம்பெனி அறிவித்த விலையில் தேய்மானம் கழித்து வருவது; போலோ மாதிரி உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசி முடிவு செய்வது. 700இல் ஒன்று என்பதற்கு அங்கே தனி மதிப்பு கிடைக்கும் என்று நம்ப முடியாது. நாளைக்கு வண்டி திருடு போனாலோ டோட்டல் லாஸ் ஆனாலோ நீங்கள் கொடுத்த ஒன்றரை லட்சம் பெரும்பாலும் போச்சு.

சரி, ஸ்டிக்கரைப் பற்றி இவ்வளவு இளக்காரமாகப் பேசிவிட்டாலும் வாங்கப் போகிறவருக்கு அதனால் ஒரு பெரிய உபயோகம் உண்டு. எங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். வெயிலில் நின்ற வண்டியில் இரண்டு பக்க ஸ்டிக்கரும் ஏறக்குறைய ஒரே மாதிரி மங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஓரத்தில் நகத்தை வைத்துத் தடவிப் பாருங்கள். பழைய ஸ்டிக்கரின் விளிம்பில் வாக்ஸும் தூசியும் சேர்ந்து ஒரு மெல்லிய கோடாக இறுகியிருக்கும். அது இல்லாமல் சுத்தமாக இருந்தால் விசாரியுங்கள். ஃபெண்டர் பேட்ஜும் அப்படித்தான். ஒரு பக்கம் நேராக, இன்னொரு பக்கம் லேசாகச் சாய்ந்து இருந்தால் ஃபெண்டர் கழற்றப்பட்டதா என்று பானெட்டுக்குள் இருக்கும் அதன் போல்ட்டுகளைப் பாருங்கள். பெயிண்ட் உரிந்த போல்ட் பொய் சொல்லாது.

வண்டி நிஜமாகவே லெஜண்ட்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். இந்த பேட்ஜும் ஸ்டிக்கரும் எந்த ஸ்டிக்கர் கடையிலும் செய்யக் கூடியவை. முதல் ஓனரின் பெயரில் டீலர் கொடுத்த ஒரிஜினல் இன்வாய்ஸைக் கேளுங்கள், வேரியன்ட் பெயர் அதில் இருக்க வேண்டும். இன்வாய்ஸ் தொலைந்துவிட்டது என்றால் சேசிஸ் நம்பரை அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். அப்படியே சர்வீஸ் ஹிஸ்டரியும் வாங்கிவிடலாம், ஓடிய கிலோமீட்டர் சரிதானா என்பதும் தெரிந்துவிடும்.

இன்ஜினுக்கு வருவோம். பார்க்கப் போகும் நாளில், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினில்தான் சத்தமும் புகையும் தெரியும். மூன்று சிலிண்டர் என்பதால் ஐடிலில் லேசான அதிர்வு இருக்கும், அது கோளாறு இல்லை. கூலன்ட் டேங்கில் அளவு குறைந்திருந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள், காரணம் கேளுங்கள். இந்த இன்ஜின் குடும்பத்தில் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் கசிவு வருவது உண்டு.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியம் ரீமேப், அதாவது சக்தியைக் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறார்களா என்பது. டிஎஸ்ஐ வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வேகப் பைத்தியம் (நானும் அந்தக் கூட்டம்தான்). ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டு இரண்டு வருடம் விரட்டிவிட்டு, விற்கும்போது பழைய சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் பட்ட பாடு சாஃப்ட்வேரை மாற்றினால் போய்விடாது. ஸ்கேனர் வைத்திருக்கும் ஃபோக்ஸ்வாகன் ஸ்பெஷலிஸ்ட் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். சர்வீஸ் சென்டர் சிஸ்டத்தில் அந்த வண்டிக்கு 'டிடி1' குறி விழுந்திருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சாஃப்ட்வேரில் கை வைத்தது பிடிபட்டால் விழும் குறி அது. குறி இல்லை என்பதாலேயே வண்டி சுத்தம் என்று அர்த்தம் இல்லை. மாற்றிய ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் பைப்பில் புது கிளாம்ப் என்று ஏதாவது கண்ணில் பட்டால் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவை காலி ரோட்டில் எடுக்காதீர்கள். பெங்களூரு டிராஃபிக்கே போதும். நின்று நின்று போகும்போது இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இறங்கும் இடத்தில் ஜெர்க் இருக்கக் கூடாது. வேகத்தடைகளில் ஜன்னலைத் திறந்து வைத்து ஏறி இறங்குங்கள். முன்பக்கம் 'டொக்' என்று கேட்டால் லிங்க் ராடு, புஷ் செலவு வரும், அதை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். இன்ஜின் விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம், ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், டைகூன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் எல்லாவற்றிலும் இதே 1.0 டிஎஸ்ஐ குடும்பம்தான் ஓடுகிறது. யோசிக்க வேண்டியது பாடி பார்ட்ஸ். லெஜண்ட் பேட்ஜும் ஸ்டிக்கரும் இப்போது கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். பெட்ரோல் மூடிக்குள் இருக்கும் லேபிளையும் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி, பெட்ரோல் பங்க்குகளில் வருவதோ இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்); அது இந்த வண்டிக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

வெளிமாநில வண்டி என்பதால் பேப்பர் வேலை கொஞ்சம் இழுக்கும். கர்நாடகா ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டியது விற்பவர் வேலை. லோன் இருந்தால் முதலில் வங்கிக் கடிதமும் படிவம் 35ம் கொடுத்து எச்பி (ஆர்சியில் இருக்கும் லோன் பதிவு) கேன்சல் செய்திருக்க வேண்டும். ஓனர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஈரோட்டில் ரீ ரிஜிஸ்டர் செய்யும்போது வண்டியின் விலையையும் வயதையும் வைத்து ஆயுள் வரி போடுவார்கள். அந்தத் தொகையை இப்போதே உங்கள் ஆர்டிஓவில் விசாரித்து, வண்டி விலையோடு கூட்டி, பிறகு பேரம் பேசுங்கள். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு ரீஃபண்ட் கேட்கலாம், அது யாருக்கு என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, அது உங்களுக்கு வராது.

விலை என்று கேட்டால், அதே வருடம், அதே கிலோமீட்டர் ஓடிய சாதாரண ஜிடி டிஎஸ்ஐ விலைக்கு மேல் இருபதாயிரம், மிஞ்சிப் போனால் முப்பதாயிரம். அதுவும் இன்வாய்ஸ் கையில் இருந்து, இரண்டு பக்க ஸ்டிக்கரும் ஒரிஜினல் என்றால் மட்டும். ஒத்துக்கொள்ளவில்லையா, நல்ல நிலையில் இருக்கும் தமிழ்நாட்டு ரிஜிஸ்ட்ரேஷன் ஜிடி ஒன்றைத் தேடுங்கள். என்ஓசி அலைச்சலும் மிச்சம்.